சகாரா நடுவில் 11 கோடி டாலர் விமானத்தளம்: அகடெஸை அமெரிக்கா ஏன் கட்டியது, ஏன் விட்டுவிட்டுப் போனது?

மணல்மேட்டான் கேட்டது:

வணக்கம். ராணுவ விஷயங்களில் ஆழம் தெரிந்த ஆள் இல்லை நான், செய்தி படிக்கிற ஆள் மட்டும்தான். கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு நாடு. நைஜீரியா இல்லை, அதற்கு நேர் வடக்கே, கடலே இல்லாத நாடு. அதன் நடுப்பகுதியில், சகாரா ஆரம்பிக்கிற இடத்தில் அகடெஸ் என்ற பழைய ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கு வெளியே அமெரிக்க விமானப்படை 2016-ல் வேலையைத் தொடங்கி, சுமார் 11 கோடி டாலர் செலவழித்து ‘விமானத்தளம் 201’ என்று ஒன்றைக் கட்டியது. 2019 நவம்பரில் அங்கிருந்து ட்ரோன்கள் பறக்க ஆரம்பித்தன. 2024 ஆகஸ்ட் 5 அன்று மொத்தத்தையும் நைஜர் ராணுவத்தின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கணக்குப் போட்டால் முழுசாக ஐந்து வருடம்கூட ஓட்டவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். ஏற்கனவே ஜிபூட்டியில் இவர்களுக்குப் பெரிய தளம் இருக்கிறது, இத்தாலியிலும் இருக்கிறது, அப்படியிருக்க ஏன் இந்தப் பாலைவனத்தைத் தேடிப் பிடித்தார்கள்? அங்கிருந்து அப்படி என்ன வேலை நடந்தது? இவ்வளவு பணம் போட்டவர்கள் ஒரு ராணுவ அதிகாரி டிவியில் “வெளியே போ” என்று சொன்னதும் மூட்டை கட்டியது எப்படி? அங்கே யுரேனியம் இருக்கிறது, அதற்காகத்தான் வந்தார்கள் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

திசைகாட்டி:

சிறுபிள்ளைத்தனம் எல்லாம் இல்லை. அமெரிக்க செனட்டர்களுக்கே இந்தக் கதை சரியாகத் தெரியாது. 2017 அக்டோபர் 4 அன்று மாலி எல்லைக்கு அருகே டொங்கோ டொங்கோ என்ற கிராமத்துக்கு வெளியே பதுங்கியிருந்து தாக்கியதில் 4 அமெரிக்க வீரர்களும் அவர்களோடு போன நைஜர் வீரர்களும் செத்தார்கள். அப்போதுதான் லிண்ட்சி கிரஹாம் மாதிரி பழம் தின்று கொட்டை போட்ட செனட்டரே, நைஜரில் நம் ஆட்கள் ஆயிரம் பேர் இருப்பது எனக்குத் தெரியாது என்று தொலைக்காட்சியில் ஒத்துக்கொண்டார்.

ஏன் அகடெஸ் என்ற கேள்விக்கு, பள்ளிக்கூடத்து அட்லஸையும் ஒரு கவராயத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளை அகடெஸில் குத்தி எண்ணூறு கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போடுங்கள். தென்கிழக்கே போகோ ஹராம் என்ற ஜிகாதிக் கும்பல் திரியும் சாட் ஏரி, தென்மேற்கே டொங்கோ டொங்கோ இருக்கும் மாலி எல்லை, வடகிழக்கே லிபியாவிலிருந்து ஆயுதமும் ஆட்களும் இறங்கி வரும் பாலைவன வழி, எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடும். அமெரிக்காவின் தலைவலி என்று அந்தப் பகுதியில் எதையெல்லாம் சொல்கிறார்களோ அத்தனையும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கும் ஊர் அது.

இப்போது ஜிபூட்டிக்கு வாருங்கள். அங்கிருந்து அகடெஸ் சுமார் 3,800 கிலோமீட்டர். ரீப்பர் ட்ரோன் சாதாரணமாக மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும், ஒரு தடவை ஏறினால் அதிகபட்சம் 27 மணி நேரம் வானில் இருக்கும். போக 12, 13 மணி நேரம், வர 12, 13 மணி நேரம். அங்கே போய் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்ப வேண்டியதுதான். இத்தாலியின் சிசிலித் தீவிலிருக்கும் சிகொனெல்லா தளம் கொஞ்சம் பரவாயில்லை, சுமார் 2,300 கிலோமீட்டர், ஆனாலும் பாதிப் பறப்பு போக வரவே சரியாகிவிடும். அகடெஸிலிருந்து கிளம்பினால் இரண்டரை மணி நேரத்தில் வேலையிடம், அங்கே இருபது மணி நேரத்துக்கும் மேல் வட்டமடிக்கலாம். கண்காணிப்பு வேலையில் வட்டமடிக்கிற நேரம்தான் சரக்கு, மற்றதெல்லாம் பெட்ரோல் செலவு.

அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்றால் தலைநகர் நியாமியில். 2011-ல் கடாஃபி விழுந்தபோது லிபியாவின் ஆயுதக் கிடங்குகள் திறந்துகொண்டன, 2012-ல் மாலியின் வடபாதி கிளர்ச்சியாளர் கைக்கும் அப்புறம் ஜிகாதிகள் கைக்கும் போனது, 2013 ஜனவரியில் பிரான்ஸ் படையோடு உள்ளே இறங்கியது. அந்தச் சூட்டோடு சூடாக ஒபாமா பிப்ரவரியில் சுமார் 100 பேரை நைஜருக்கு அனுப்பினார், ட்ரோன் பறக்கவிட. நியாமியில் பயணிகள் விமானம் இறங்குகிற அதே நிலையத்தில்தான் நைஜர் விமானப்படை, பிரெஞ்சுக்காரர்கள், அமெரிக்கர்கள் எல்லாரும் ஒண்டிக் குடித்தனம். அது நாட்டின் தென்மேற்கு மூலை வேறு. அங்கிருந்து சாலையில் அகடெஸ் போக 900 கிலோமீட்டருக்கு மேல். ஆக, தனி வீடு பார்த்துப் போன கதைதான் இது.

ஒரு திருத்தம்: “அமெரிக்கத் தளம்” என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் காகிதத்தில் அது நைஜர் விமானப்படையின் தளம் 201. நிலம் அவர்களுடையது, கட்டியதும் செலவழித்ததும்தான் இவர்கள். பின்னால் வரப்போகிற கதைக்கு இது முக்கியம்.

---

ரன்வே_முருகன்:

திசைகாட்டி அண்ணன் வரைபடம் சொல்லிவிட்டார், நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். வளைகுடாவில் இரண்டு விமான ஓடுபாதை வேலைகளில் சைட் இன்ஜினியராக இருந்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொன்னால் அகடெஸ் ஒரு பைத்தியக்கார சைட்.

6,200 அடி தார் ஓடுபாதை. நம் கணக்கில் 1,900 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சென்னை மாதிரியான விமான நிலையத்தோடு ஒப்பிட்டால் பாதிதான், ஆனால் சி-17 மாதிரி பெரிய சரக்கு விமானம் குறைந்த தூரத்தில் இறங்கவென்றே செய்யப்பட்டது, அது இறங்கும் அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரை மட்டும் நம்பாமல் பெரும்பகுதியைத் தங்கள் சொந்த ஆட்களை வைத்தே, ரெட் ஹார்ஸ் என்ற விமானப்படைக் கட்டுமானப் பிரிவுகள் முதலாக, சுற்று முறையில் கொண்டுவந்து கட்டினார்கள். விமானப்படை வீரர்கள் தாங்களே கட்டியதில் அவர்கள் வரலாற்றிலேயே பெரிய வேலை இதுதான் என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கஷ்டம் எங்கே தெரியுமா? பாலைவனத்தில் மண்ணை இறுக்க வேண்டும், இறுக்க ரோலர் மட்டும் போதாது, தண்ணீர் வேண்டும். லாரி லாரியாகத் தண்ணீர். அதுதான் அங்கே இல்லை. வெயில் 40-ஐத் தாண்டும். சரக்கு கடல் வழியாக வந்தால் பெனின் நாட்டின் கொட்டொனூ துறைமுகத்தில் இறக்கி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலையில் ஏற்ற வேண்டும், நைஜருக்குத்தான் கடல் கிடையாதே. குளிர்காலத்தில் ஹர்மட்டான் என்று ஒரு புழுதிக்காற்று வாரக்கணக்கில் வீசும். சரி, புழுதிதான் தொல்லை என்று நினைத்தால் ஜூலை, ஆகஸ்டில் வருடத்து மழை மொத்தமும் நான்கைந்து தடவையில் கொட்டித் தீர்த்துவிட்டு வேலையைக் கெடுக்கும். பாலைவன சைட்டில் வெள்ளம் வந்து வேலை நின்றது என்று சொன்னால் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்கே ஒரு தடவை நடந்திருக்கிறது.

2016 நிதியாண்டில் கட்டுமானத்துக்கென்று முதலில் கேட்டது 5 கோடி டாலர். முடியும்போது எங்கே நின்றது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முதல் சி-130 விமானம் இறங்கியதே 2019 ஆகஸ்டில். 2020-ல் பென்டகனின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் ஒரு அறிக்கை விட்டது. வேலை ஏறத்தாழ மூன்று வருடம் தாமதம், பாதுகாப்பு, தொழில்நுட்பத் தேவைகள் பலவற்றைக் கவனிக்காமல் கட்டியிருக்கிறார்கள் என்று. சொந்த ஆட்களை வைத்துக் கட்டினால் மிச்சம் என்று நினைப்பது எல்லா ஊரிலும் உண்டு போல.

அப்புறம் ட்ரோன் பற்றி. “ஆளில்லா விமானம்” என்ற பெயரைப் பார்த்து ஆளே வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வானில் ஏறிய பிறகு அதை ஓட்டுகிறவர் அமெரிக்காவில், நெவாடா மாதிரி ஏதோ ஒரு தளத்தில், ஏசி அறையில் உட்கார்ந்திருப்பார். ஆனால் செயற்கைக்கோள் வழியாக அவர் கைப்பிடியை அசைத்து அது இங்கே வந்து சேர ஒரு நொடிக்கு மேல் ஆகிவிடும். நடுவானில் அது பரவாயில்லை. தரையிறங்கும்போது ஒரு நொடி தாமதம் என்றால் ஓடுபாதை கையில் இருக்காது. அதனால் ஏற்றிவிடவும் இறக்கவும் மட்டும் தளத்திலேயே தனிக் குழு உட்கார்ந்திருக்க வேண்டும், நேரடி ரேடியோ இணைப்பில். அதோடு எஞ்சின் பார்ப்பவர்கள், எரிபொருள் ஆட்கள், தீயணைப்பு, காவல், சமையல். இறக்கை மட்டும் 20 மீட்டர் நீளமுள்ள ஒரு பொருளைப் புழுதியில் வைத்துப் பராமரிப்பது என்றால் சும்மாவா? கூடாரமும் கொட்டகையும் அவ்வளவு போட்டது அதற்குத்தான். ஒரு சின்னக் கூழாங்கல் எஞ்சினுக்குள் போனால் போதும், அதற்காகவே ஓடுபாதையைக் கூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

---

அரைக்கிழம்:

இரண்டு பேரும் எப்படிக் கட்டினார்கள், ஏன் அங்கே என்று அழகாகச் சொன்னீர்கள். அதனால் என்ன பயன் விளைந்தது என்று யாரும் சொல்லக் காணோம்.

வேலை முக்கியமாகக் கண்காணிப்பு. யார் எந்தப் பாதையில் போகிறார்கள், எந்தக் கிணற்றடியில் வண்டிகள் கூடுகின்றன என்று மேலேயிருந்து பார்ப்பது. அதைப் பிரெஞ்சுக்காரர்களோடும் நைஜர் ராணுவத்தோடும் பகிர்ந்துகொள்வது. டொங்கோ டொங்கோ நடந்த மறுமாதமே ட்ரோன்களில் ஆயுதம் மாட்ட நைஜர் அரசு அனுமதி கொடுத்தது. அந்தச் சண்டையில் கடைசியில் உதவிக்கு வந்தது பிரெஞ்சு மிராஜ் விமானங்கள்தான், அவையும் கீழே யார் எவர் என்று தெரியாததால் குண்டு போடாமல் தாழப் பறந்து பயமுறுத்திவிட்டுப் போயின. அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் 2019-லிருந்து 2023 வரை சகாராவுக்குத் தெற்கே இருக்கும் சாகேல் பகுதியில் வன்முறை குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போனது. முக்கியமாக மாலியிலும் புர்க்கினா ஃபாசோவிலும். ட்ரோன் வண்டியைப் பார்க்கும். அந்த வண்டியில் ஏறுகிற பையனுக்கு ஊரில் ஏன் வேலை இல்லை, அவன் ஊர் ஆடுமாட்டை ராணுவம் ஏன் ஓட்டிக்கொண்டு போனது என்பதையெல்லாம் பார்க்காது.

அதைவிடப் பெரிய கூத்து 2023 ஜூலை 26. ஜனாதிபதி முகமது பஸூமைச் சிறைப்பிடித்தது வேறு யாருமில்லை, அவருடைய சொந்தக் காவல்படை, தலைமை ஜெனரல் சியானி. வேலியே பயிரை மேய்ந்தது. அந்தக் கும்பலில் முக்கியமான இன்னொருவர் மூசா பர்மூ, நைஜர் சிறப்புப் படைத் தளபதி, அமெரிக்காவிலேயே படித்துப் பயிற்சி எடுத்தவர். ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறையிலிருந்து விக்டோரியா நூலண்ட் நியாமிக்குப் பறந்து வந்து சமாதானம் பேசினார், எதிரே உட்கார்ந்திருந்தது அந்த பர்மூ. பஸூமைப் பார்க்கக்கூட அனுமதிக்கவில்லை. வானத்திலிருந்து இருபது மணி நேரம் பாலைவனத்தைப் பார்க்கிற கண்ணுக்கு, அரண்மனை வாசலில் நின்றவன் மனசு தெரியவில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் சறுக்கு மரம்தான். முதலில் பிரெஞ்சுக்காரர்கள், 1,500 பேர், தளத்து வாசலில் நாள் கணக்கில் ஆர்ப்பாட்டம், டிசம்பர் 22-க்குள் கடைசி ஆள் கிளம்பியாயிற்று. அமெரிக்கர்கள் சுமார் 1,100 பேர், இவர்கள் பிரான்ஸ் மாதிரி முறைத்துக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். ஆட்சிக் கவிழ்ப்பு என்ற வார்த்தையையே அதிகாரபூர்வமாக உச்சரிக்க அக்டோபர் வரை எடுத்துக்கொண்டார்கள், உச்சரித்துவிட்டால் சட்டப்படி உதவியை நிறுத்த வேண்டுமே. நியாமியிலிருந்து பெரும்பாலானவர்களை அகடெஸுக்கு மாற்றினார்கள், செப்டம்பரில் மறுபடி ட்ரோனும் பறந்தது. எப்படியாவது தளத்தைக் காப்பாற்றிவிடலாம் என்ற நப்பாசை.

2024 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்காவைக் கவனித்த மோலி ஃபீ, அமெரிக்க ராணுவத்தின் ஆப்பிரிக்கப் பிரிவான ஆப்ரிகாமின் தளபதி லாங்லி எல்லாரும் நியாமிக்குப் போய்ப் பேசினார்கள். ரஷ்யாவோடு என்ன உறவு, ஈரானோடு யுரேனியம் பேசுகிறீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். மார்ச் 16 அன்று கர்னல் அமடூ அப்துரமான் தொலைக்காட்சியில் தோன்றி, மிரட்டும் தொனியில் பேசினார்கள், யாரோடு கூட்டு வைப்பது என்பது எங்கள் உரிமை, ராணுவ ஒப்பந்தம் உடனடியாக ரத்து என்று முடித்துவிட்டார். 2012-ல் ஒரு ராஜதந்திரக் குறிப்பை மட்டும் வைத்து எங்கள் தலையில் கட்டிய ஒப்பந்தம் அது என்றும் சொன்னார். ஏப்ரலில் ரஷ்யப் பயிற்சியாளர்கள் நியாமியில் இறங்கினார்கள், அமெரிக்கர்கள் இன்னும் காலி செய்யாத அதே விமான நிலைய வளாகத்தில், வேறு கொட்டகையில். எதிரிகள் இரண்டு பேர் ஒரே காம்பவுண்டில் குடியிருந்த காட்சி!

---

மணல்மேட்டான்:

மூன்று பேருக்கும் நன்றி. ஒன்று மட்டும் ஒட்டவில்லை. ராணுவ பலம் இருக்கிறது, ஆயிரம் பேர் இருக்கிறார்கள், வேலி போட்ட தளம். போக மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் நைஜர் என்ன செய்துவிட முடியும்? அந்த யுரேனியக் கேள்வியையும் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், நண்பர் விடமாட்டேன் என்கிறார்.

---

திசைகாட்டி:

உட்காரலாம். ஆனால் என்ன சாப்பிடுவது, எதில் பறப்பது? தளத்தைச் சுற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அவர்கள் நாடுதான். எரிபொருள் அவர்கள் சாலையில் வர வேண்டும். சரக்கு விமானம் உள்ளே வர அவர்கள் வான்வெளி அனுமதி வேண்டும். வீரர்களை மாற்றி அனுப்ப விசா வேண்டும். கவிழ்ப்பு நடந்த பத்து நாளில் நைஜர் வான்வெளியையே மூடிவிட்டது, அப்போது ரீப்பர்கள் கொட்டகையில் சும்மா கிடந்தன. கோட்டை மாதிரி மதில் இருந்தால் முற்றுகையைத் தாங்கலாம், ட்ரோன் தளம் அப்படிப்பட்டதில்லை, அது ஒரு பெட்ரோல் பங்க் மாதிரி. சாலை மூடினால் பங்க்கும் மூடியாயிற்று. சண்டை போட்டுத் தங்கலாம் என்று யாரும் நினைக்கவே இல்லை. மே 19 அன்று செப்டம்பர் 15-க்குள் கிளம்புவதாகக் கூட்டறிக்கை, ஜூலை 7-ல் நியாமித் தளம் ஒப்படைப்பு, ஆகஸ்டில் அகடெஸ். சொன்ன தேதிக்குள் முடித்துவிட்டார்கள். தூக்கிக்கொண்டு போக முடிந்ததைச் சரக்கு விமானங்களில் கொண்டுபோனார்கள், ஓடுபாதையையும் கட்டடங்களையும் எதில் ஏற்றுவது?

யுரேனியம்: நைஜரில் இருக்கிறது, அகடெஸ் வட்டாரத்திலேயே, வடக்கே அர்லிட் என்ற சுரங்க ஊரில். ஆனால் அது பிரெஞ்சுக்காரர்களின் கதை. 1970-களிலிருந்து தோண்டிக்கொண்டிருந்தது பிரெஞ்சு நிறுவனம்தான், இப்போதைய பெயர் ஓரானோ. 2025 ஜூனில் நைஜர் அர்லிட்டில் அவர்கள் நடத்திய சொமைர் சுரங்கத்தை அரசுடைமை ஆக்கியது. அமெரிக்கத் தளத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டிய தேவையில்லை. மேலே சொன்ன அந்த எண்ணூறு கிலோமீட்டர் வட்டமே போதுமான காரணம். உங்கள் நண்பர் மனதில் ஓடுவது ஒருவேளை 2003-ஆக இருக்கும். ஈராக் போருக்கு முன் புஷ் சொன்னாரே, சதாம் ஆப்பிரிக்காவிலிருந்து யுரேனியம் வாங்கப் பார்த்தார் என்று, அந்த “ஆப்பிரிக்கா” நைஜர்தான். ஆதாரம் போலி ஆவணம் என்று பின்னால் தெரிந்தது. அன்றிலிருந்து நைஜர் என்றாலே யுரேனியம் என்று மக்கள் மனதில் ஒட்டிக்கொண்டது.

---

காரைக்கால்_பிள்ளை:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஜிபூட்டி என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களைச் சொல்தா என்பார்கள், பாண்டிச்சேரி காரைக்காலில் தெருவுக்கு ஒரு சொல்தா வீடு உண்டு. எங்கள் அப்பா எண்பதுகளில் மூன்று வருடம் ஜிபூட்டியில் இருந்தார். ஊர் 1977-லேயே சுதந்திரம் வாங்கிவிட்டது, ஆனால் பிரெஞ்சுப் படை போகவே இல்லை. அப்பா சண்டை எதையும் சொல்ல மாட்டார். வெயிலைச் சொல்வார், மிராஜ் விமானம் கிளம்பும்போது தகரக் கூரை அதிர்வதைச் சொல்வார். முக்கியமாக மதியம் எத்தியோப்பியாவிலிருந்து காத் என்ற போதை இலை வந்து சேரும் நேரத்தைச் சொல்வார். அது வந்த அரை மணியில் ஊரே கடையை மூடிவிட்டு இலையை மென்றுகொண்டு உட்கார்ந்துவிடுமாம், சாயந்திரம் வரை ஒரு வேலையும் நடக்காதாம்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. ஜிபூட்டிக்காரர்கள் இந்த விளையாட்டில் கில்லாடிகள். அந்தப் பொட்டல் நாட்டில் விளைச்சல் இல்லை, ஆனால் செங்கடலின் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தின் வெளிநாட்டவர் படையான லெஜியன் இருந்த காம்ப் லெமொனியே முகாம் 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவுக்குப் போனது, 2014-ல் புதுப்பித்தபோது வருட வாடகை 6 கோடியே 30 லட்சம் டாலர். ஜப்பான் 2011-ல் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்கள் வெளிநாட்டில் திறந்த முதல் தளம். 2017-ல் சீனா, அவர்களுக்கும் அது முதல் வெளிநாட்டுத் தளம். இத்தாலியும் இருக்கிறது. எல்லாரிடமும் வாடகை வாங்குகிறார்கள், யாரையும் விரட்டுவதில்லை, யாரையும் ஒரேயடியாக நம்புவதும் இல்லை. நைஜர் அதே மாதிரி அமெரிக்காவிடம் நல்ல வாடகை பேசியிருந்தால் இந்த நிலைமை வந்திருக்குமா என்று தோன்றுகிறது.

---

அரைக்கிழம்:

தம்பி, அப்பா கதை அருமை, ஆனால் ஒப்பீடு நிற்காது. ஜிபூட்டிக்கு எதிரே உலகத்துச் சரக்குக் கப்பல்கள் வரிசையில் போகின்றன, அது துறைமுகம், எல்லாருக்கும் வேண்டும். அகடெஸ் யாருக்கு வேண்டும்? சாட் ஏரியையும் லிபியா எல்லையையும் பார்க்க நினைக்கிறவனுக்கு மட்டும் வேண்டும். ஒரே ஒரு வாடகைக்காரன் இருக்கிற வீட்டில் பேரம் எப்படி நடக்கும்? அதோடு அங்கே பிரச்சினை பணம் மட்டும் இல்லை. வெளிநாட்டுப் படை இருந்தும் நம் பையன்கள் எல்லையில் செத்துக்கொண்டே இருக்கிறார்களே, அப்புறம் இவர்கள் எதற்கு என்ற கேள்வி நியாமித் தெருவில் நிஜமான கேள்வி. சியானி அதை வசதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்பது வேறு. அவர் வந்த பிறகு எல்லையில் சாவு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னை ராணுவ ஆட்சிக்கு ஆதரவு என்று யாராவது கிளம்புவீர்கள்.

அகடெஸ் ஊர்க்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. ஒரு காலத்தில் பிரான்சிலிருந்து நேரடி விமானத்தில் சுற்றுலா ஆட்கள் வருவார்கள், ஆயிர் மலையும் டெனெரே மணலும் பார்க்க. 2007-ல் அந்தப் பாலைவனத்து துவாரெக் மக்களின் கிளர்ச்சி வெடித்ததும் அது போயிற்று. அப்புறம் லிபியா வழியாக ஐரோப்பா போகிறவர்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிப் போவது பிழைப்பானது, 2015-ல் ஐரோப்பாவின் நெருக்கலில் சட்டம் போட்டு அதையும் குற்றமாக்கினார்கள், வண்டி வைத்திருந்தவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். ராணுவ ஆட்சி வந்து 2023 நவம்பரில் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, அகடெஸில் அதற்குக் கிடைத்த வரவேற்பு சாதாரணமில்லை. ஊருக்கு வெளியே 11 கோடி டாலர் தளம் இருந்ததை விட இந்த ஒரு ரத்து அவர்கள் வாழ்க்கையை அதிகம் தொட்டது என்பேன்.

---

ரன்வே_முருகன்:

எனக்கு அரசியல் வேண்டாம், ஓடுபாதைக் கவலைதான். பாலைவனத்தில் தார்ப்பாதையைச் சும்மா விட்டால் மணல் ஏறும், வெயிலில் தார் வறண்டு வெடிப்பு விடும், வெடிப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் அடிமண் இளகும். வெடிப்பை அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தளத்தை ஓட்டவே வருடத்துக்குச் சுமார் 3 கோடி டாலர் என்று அமெரிக்கர்கள் கணக்குச் சொன்னார்கள், நைஜரின் பட்ஜெட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

---

மணல்மேட்டான்:

போதும், இந்த வாரத்துக்கு நிறையக் கிடைத்துவிட்டது. பையனின் கவராயத்தை எடுத்து அட்லஸில் வட்டம் போட்டுப் பார்த்தேன் திசைகாட்டி அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே வருகிறது. பையன் வந்து அப்பா என்ன பாலைவனத்தில் ஓட்டை போடுகிறீர்கள் என்று கேட்டான். யுரேனிய நண்பருக்கு இந்த இழையின் சுட்டியை அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை. ஜிபூட்டி பற்றித் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன், ஒரே ஊரில் சீனாவும் அமெரிக்காவும் எப்படி அக்கம் பக்கத்தில் குடியிருக்கிறார்கள் என்று. காரைக்கால் அண்ணன் அங்கே அப்பாவின் மிச்சக் கதையையும் எழுத வேண்டும், காத் இலையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.